இமை மயிரும் குறு இழையும்: கேள்வி பதில்

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): ‘சிலியா’ என்பதற்கு அகராதி இமை மயிர் என்கிறது, பாடநூல் செல்லின் குறு இழை என்கிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: பெயர் மட்டுமே ஒன்று. லத்தீனில் கண்ணிமையைக் குறித்த அச்சொல், இமை விளிம்பு மயிருக்கும், பின்னர் நுண்ணோக்கியில் அதே சாயலில் தெரிந்த செல் இழைக்கும் ஒட்டிக்கொண்டது. இமை மயிர், நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற பொருள். குறு இழையோ செல் சவ்வு போர்த்திய உயிருள்ள உறுப்பு. அதன் விட்டம் சுமார் 0.25 மைக்ரோமீட்டர்.

கேள்வி (புகையை விட்ட ஒருவர்): நிறுத்திய பிறகு சளி அதிகமாக வருகிறதே?

பதில்: மூச்சுக்குழாயின் உட்புறத்தில் குறு இழை கொண்ட செல் ஒவ்வொன்றிலும் சுமார் 200 இழைகள் உள்ளன. அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல், காற்றில் நெற்கதிர் சாய்வதுபோல் ஒன்றையடுத்து ஒன்றாக அசைகின்றன. முன்வீச்சில் விறைத்து நிமிர்ந்து சளியைத் தொண்டை நோக்கித் தள்ளுகின்றன, மீளும்போது வளைந்து தாழ்கின்றன. புகையால் மந்தமான இழைகள் தேறும்போது, தேங்கிய சளியும் வெளியேறத் தொடங்கும். சளியில் இரத்தம் கண்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்குப் பிறந்தது முதல் ஓயாத சளி, இதயமும் வலப்பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா அம்மா?

பதில்: இருக்கலாம், நுரையீரல் மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இத்தகைய நோயாளிகளைப் பற்றி 1933-இல் கார்டகெனர் என்ற மருத்துவர் எழுதினார்; காரணத்தை 1976-இல் சுவீடனின் ஆய்வாளர் அஃப்செலியஸ் கண்டறிந்தார். இழையின் குறுக்குவெட்டில் ஒன்பது இணை நுண்குழல்கள் வட்டமாக நிற்க, நடுவில் இரண்டு இருக்கும். அந்த இணைகளைச் சறுக்க வைத்து இழையை வளைக்கும், டைனின் என்ற புரதத்தால் ஆன கைகள் இந்நோயாளிகளிடம் இல்லை என்பதே அவர் கண்டது. கருவின் தொடக்க நாள்களில் சில குறு இழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் ஓட்டுவதால்தான் இதயம் எப்பக்கம் அமைவது என்பது முடிவாகிறது. அந்த ஓட்டம் இல்லையேல் பக்கம் தற்செயலாக அமைகிறது. அதனால்தான் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன. (எனக்கு உயிரியலில் மிகப் பிடித்த செய்தி இதுதான்.)

கேள்வி (இல்லத்தரசி): குழந்தையின் இமை மயிரை வெட்டிவிட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார்களே?

பதில்: வளராது. அடர்த்தியை முடிவுசெய்வது தோலுக்கடியில் உள்ள வேர்ப்பையே. கத்தரிக்கோலைக் குழந்தையின் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.