விபத்துக்குப் பின் இயல்புக்குத் திரும்பாத தம்பியிடம் ‘மறந்துவிடு’ என்று சொல்வது உதவுமா?

சாலை விபத்தில் உயிர் தப்பிய உங்கள் தம்பி, ஐந்து மாதங்கள் கழிந்தும் வண்டியில் ஏற மறுக்கிறார், இரவில் அலறி எழுகிறார், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் அது உதவாது என்பதே என் பதில். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் பிடிஎஸ்டி (PTSD) என்ற மனக் கோளாறை ஒத்திருக்கின்றன. நான் மருத்துவன் அல்லன். ஒரு தீ விபத்திலிருந்து தப்பி, அதன் பிறகு நெடுநாள் சிகிச்சை பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மறதி நம் சொற்படி நடக்கும் என்றால் அவர் என்றோ மறந்திருப்பார். உயிருக்கு ஆபத்து என்று உடல் உணரும் நேரத்தில் அட்ரினலின் என்ற சுரப்பு பெருகுகிறது. அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி முழுவேகத்தில் இயங்குகிறது. நிகழ்வை இன்ன நாள், இன்ன இடம் என்று கோத்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் வேலை தடுமாறுகிறது என்பது ஆய்வாளர்கள் பரவலாகத் தரும் விளக்கம். அதனால் அந்த நினைவு பழைய நிகழ்வாக ஒதுங்காமல், ஒரு மணமோ ஓசையோ பட்டதும் இப்போதே நடப்பதுபோல் எழுந்து வருகிறது. எனக்கு அது தீக்குச்சி உரசும் மணம். பக்கத்தில் யாரேனும் தீக்குச்சியை உரசினால், என்ன நடக்கிறது என்று புரிவதற்கு முன்பே என் கை கதவின் கைப்பிடியில் இருக்கும். உள்ளங்கை வியர்வையில் பிடி வழுக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் இத்தகைய அதிர்ச்சி நிகழ்வு ஒன்றையேனும் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே அது பிடிஎஸ்டி கோளாறாக நிலைக்கிறது. எனவே முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதையும் திடுக்கிடுவதையும் நோய் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து வேலையையும் உறவுகளையும் குலைத்தால் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இதை மனத்திடமின்மை என்று சொல்லும் உறவினர்கள் உங்களுக்கும் இருக்கக்கூடும். முதல் உலகப் போரில் இதே பாதிப்புக்கு ஆளான வீரர்கள் சிலரைக் கோழைகள் என்று சொல்லிச் சுட்டே கொன்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற 1980 வரை ஆயிற்று.

இதை நீடிக்கச் செய்வது பெரும்பாலும் தவிர்ப்புதான். வண்டியில் ஏறாமல் விட்ட ஒவ்வொரு முறையும் அவருக்கு உடனடி நிம்மதி கிடைக்கிறது. ‘ஏறாததால்தான் தப்பித்தேன்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை அச்சம் இன்னும் கூடுகிறது. ஆகவே சிகிச்சை எதிர்த்திசையில், படிப்படியாக, பாதுகாப்பான சூழலில் அந்த நினைவை அணுக வைக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். அதைப் பதிவுசெய்து வீட்டில் நாள்தோறும் கேட்க வேண்டும். தொடக்கத்தில் மாடிப்படியில் புகை ஏறும் இடம் வந்ததும் பதிவை நிறுத்திவிடுவேன். போகப்போக என் குரலைக் கேட்டு எனக்கே சலிப்பு வந்தது. சிகிச்சையாளர் எதிர்பார்த்திருந்ததும் அந்தச் சலிப்பைத்தான். கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் என்ற முறைக்கும் நல்ல ஆய்வு ஆதாரம் உள்ளது. சிலருக்கு மனச்சோர்வு மருந்துகள் கைகொடுக்கின்றன. ஆனால் தூக்கத்துக்கென்று மாத்திரைகளை நீங்களாக வாங்கித் தர வேண்டாம், சில வகைகள் பழக்கமாகி மீட்சியைத் தாமதப்படுத்தும். முதல் சந்திப்பிலேயே, மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

மேலே சொன்னதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொல் என்று வற்புறுத்துவதும் ‘மறந்துவிடு’ என்று வாயடைப்பதைப் போலவே தவறு. ‘உனக்குத் தோன்றும்போது சொல், நான் கேட்கிறேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் பேசும்போது குறுக்கே ஆறுதல் சொல்லாமல் கேளுங்கள். பின்புறமாக வந்து தொடாதீர்கள். வண்டியில் ஏற இசைந்தால் எந்த இருக்கை, எவ்வளவு தூரம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். விபத்து அவரிடமிருந்து பறித்தது அந்த முடிவெடுக்கும் நிலையைத்தான். தூக்கத்துக்காக மதுவை நாடுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

வாழ்வதில் பொருளில்லை என்ற தொனியில் அவர் ஏதேனும் சொன்னால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.