ஸ்டேபிள்காயின் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: சொந்த நாட்டுப் பணத்தைக் கொடுத்து, டாலர் மதிப்பில் நிற்கும் டிஜிட்டல் நாணயமான ஸ்டேபிள்காயினை வாங்குவது. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறேன். கடைசிக் கடிதத்துக்கு மட்டும் அதிக இடம் எடுத்துக்கொண்டேன்.

உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்சில் (காயின் வாங்கி விற்கும் தளத்தில்) விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. சாட் குரூப் ஒன்றில் ஒருவர் அதைவிடக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். அவர் சொல்லும் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டால் போதுமாம். பிறகு எதற்கு எக்ஸ்சேஞ்ச், கேஒய்சி, செல்ஃபி எல்லாம்?

டாலரோடு கட்டிவைத்த ஒரு பொருளை, சந்தையில் முழு விலைக்கு எப்போது வேண்டுமானாலும் விற்க முடிகிற ஒருவர், முன்பின் தெரியாத உங்களுக்கு ஏன் குறைத்து விற்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து நம்பும்படி ஒரு பதிலும் வராது. பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார், அல்லது அவர் கையில் இருக்கும் காயின் திருட்டு காயினாக இருக்கும், அதை உங்கள் தலையில் கட்டிவிட்டு உங்கள் சுத்தமான பணத்தை எடுத்துக்கொள்வார். பிளாக்செயினில், அதாவது எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகும் பொதுப் பதிவேட்டில், ஒவ்வொரு காயினும் எங்கிருந்து வந்தது என்ற தடம் அழியாமல் இருக்கும். நாளைக்கு நீங்கள் அதை ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது அவர்களுடைய சோதனையில் சிவப்பு விளக்கு எரிந்தால், விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள். விற்கும்போது இதே கதை திரும்பிவரும்: உங்கள் கணக்கில் வந்து விழும் பணம் வேறு யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், அந்த ஆள் புகார் கொடுத்த உடனே முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்கு.

செல்ஃபியும் அடையாள அட்டையும் கேட்பது தொந்தரவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவரும் அதே சோதனையைத் தாண்டி வந்திருக்கிறார் என்பதுதான் அதில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். "உரிமம் பெற்றது" என்று எக்ஸ்சேஞ்சின் தளத்தில் போட்டிருப்பதைப் பார்த்து நம்ப வேண்டாம், கட்டுப்பாட்டு அமைப்பின் சொந்தத் தளத்தில் இருக்கும் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரும், இணைய முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம், கருப்புப் பணத் தடுப்புக்காகப் பதிவு செய்திருப்பது வேறு, வாடிக்கையாளர் பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லும் முழு உரிமம் வேறு, வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற காப்பீடு முற்றிலும் வேறு. பலர் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய பெயராக இருந்த எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் விழுந்தபோது, வாடிக்கையாளர் பணம் அதன் சகோதர நிறுவனத்துக்குப் போயிருந்தது வெளியே வந்தது. வாங்கிய காயினை மாதக்கணக்கில் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைக்கவும் வேண்டாம்.

கட்டணம் 0.5 சதவீதம்தான் என்று போட்டிருந்தார்கள். வாங்கி மறுநாளே விற்றுப் பார்த்தேன், அதைவிட நிறைய குறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை, நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுவல்ல. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எளிதாக இருக்க ஒரு டாலர் உங்கள் பணத்தில் 100 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குக் காயினை 102-க்கு விற்கிறது, உங்களிடமிருந்து 99-க்கு வாங்குகிறது. நீங்கள் 10,000 போடுகிறீர்கள். கட்டணம் 50 போக 9,950, அதை 102-ஆல் வகுத்தால் சுமார் 97.55 காயின். மறுநாள் 99-க்கு விற்றால் 9,657, அதிலும் அரை சதவீதம் போனால் கையில் 9,609. சந்தை அசையவே இல்லை, ஆனால் 391 போய்விட்டது. இதில் கட்டணம் நூறு கூட இல்லை, மீதியெல்லாம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

"உடனே வாங்கு" என்ற பெரிய பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் இந்த இடைவெளி அதிகமாக இருக்கும். அதே எக்ஸ்சேஞ்சில் வாங்குபவரும் விற்பவரும் தாங்களே விலை சொல்லும் ஸ்பாட் மார்க்கெட் என்று ஒரு பக்கம் இருந்தால் அங்கே போய், உங்களுக்குச் சரி என்று படும் விலையில் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள், பாதி பிரச்சினை அங்கேயே தீரும். கிரெடிட் கார்டில் வாங்காதீர்கள், பல வங்கிகள் அதைக் கார்டில் ரொக்கம் எடுத்த கணக்கில் சேர்த்து முதல் நாளிலிருந்தே வட்டி போடும். உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புவதுதான் நல்லது. மனைவி கணக்கு, நண்பர் கணக்கு என்றால் பெயர் ஒத்துப்போகாமல் பணம் திரும்பிப் போகும், அல்லது நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு காயின் எப்போதும் ஒரு டாலர்தானே? அப்படியிருக்க எந்த ஸ்டேபிள்காயினாக இருந்தால் என்ன?

பெரிய வித்தியாசம் இருக்கிறது. டெராயுஎஸ்டி என்ற காயினும் ஒரு டாலர் என்றுதான் சொன்னது. அதற்குப் பின்னால் டாலர் எதுவும் இல்லை, லூனா என்ற இன்னொரு காயினை வைத்து விலையைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுதான் இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் சரிந்து சில்லறைக் காசாகிவிட்டது.

உண்மையான கையிருப்பு வைத்திருக்கும் காயினும் ஆடாமல் இருக்காது. சர்க்கிள் நிறுவனம் வெளியிடும் யுஎஸ்டிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது அதன் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. செய்தி வந்த வார இறுதியில் காயின் விலை 88 சென்ட் வரை இறங்கியது, வங்கியில் இருந்த டெபாசிட் முழுவதும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகுதான் மறுபடி ஒரு டாலரை நெருங்கியது. பயந்துபோய் அந்தச் சனிக்கிழமை விற்றவர்களுக்கு நஷ்டம், பேசாமல் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டேபிள்காயின்களில் எல்லாவற்றையும் விடப் பெரியதான யுஎஸ்டிடியை வெளியிடும் டெதருக்கு, கையிருப்பு பற்றி உண்மைக்கு மாறாகச் சொன்னதற்காக 2021-ல் அமெரிக்காவின் சிஎஃப்டிசி என்ற சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 4.1 கோடி டாலர் அபராதம் போட்டது. இதை வைத்து அது நாளைக்கே விழும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "ஒரு டாலருக்குத் திருப்பித் தருவோம்" என்ற வாக்குறுதி யாருக்குச் சொன்னது என்று பாருங்கள்: டெதரிடம் நேரடியாகக் கொடுத்து டாலர் வாங்க வேண்டுமென்றால் குறைந்தது 1,00,000 டாலர் மதிப்புக்குக் காயின் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாசல் கிடையாது, சந்தையில் யாராவது வாங்கினால்தான் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா சட்டம், வெளியிடும் நிறுவனம் எவருக்கும் முகமதிப்பில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சட்டப்படி வேண்டிய அனுமதியை டெதர் வாங்காததால்தான் 2025 தொடக்கத்தில் அங்கே பல எக்ஸ்சேஞ்சுகள் யுஎஸ்டிடியை எடுத்துவிட்டன. அமெரிக்காவின் ஜீனியஸ் சட்டமும் 2025 ஜூலையில் வந்துவிட்டது, அதன்படி கையிருப்பு முழுவதும் ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டும், மாதாமாதம் வெளியிடவும் வேண்டும். கையிருப்பு எதில் இருக்கிறது, யார் சரிபார்க்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்கும் காயினை வாங்குங்கள்.

ஸ்டேபிள்காயினை வைத்திருந்தால் வருடத்துக்கு 15 சதவீதம் வட்டி என்கிறார்களே?

காயின் தானாக வட்டி போடாது. அதை யாருக்கோ கடன் கொடுக்கிறார்கள், அந்த யாரோ திருப்பித் தராவிட்டால் உங்கள் முதல் போகும். டெராயுஎஸ்டிக்கு ஆங்கர் என்ற இடத்தில் கிட்டத்தட்ட 20 சதவீதம் கொடுத்தார்கள், முடிவைத்தான் மேலே சொன்னேனே. வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து என் வாலட்டுக்கு (காயினை நானே வைத்துக்கொள்ளும் செயலிக்கு) மாற்றும்போது நெட்வொர்க் எது என்று கேட்கிறது. மலிவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

போதாது. ஒரே காயின் பல பிளாக்செயின்களில் ஓடும், அவற்றைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள். காயின் எங்கே போய்ச் சேரப்போகிறதோ அந்த இடம் எந்த நெட்வொர்க்கை ஏற்கிறது என்று முதலில் பாருங்கள், மலிவு அதற்கு அப்புறம். ட்ரான் என்ற நெட்வொர்க்கின் முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும் என்பதால் மற்றவற்றோடு குழம்பாது. எத்தீரியம், பாலிகான், ஆர்பிட்ரம் என்ற மூன்று நெட்வொர்க்குக்கும் முகவரி ஒரே மாதிரி இருக்கும், அங்கேதான் தவறு நடக்கிறது, ஏனென்றால் தப்பான நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் திரை எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடும். சாவி, அதாவது காயினை நகர்த்தும் ரகசியக் குறியீடு, உங்களிடம் இருக்கும் சொந்த வாலட் என்றால் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு எக்ஸ்சேஞ்சின் முகவரி என்றால் அவர்கள் கையில்தான் இருக்கிறது, கெஞ்ச வேண்டியிருக்கும்.

முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அடுத்த முறை அனுப்பும்போது பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை அனுப்பி, உங்கள் பட்டியலுக்குள் நுழைந்து காத்திருக்கும் திருடர்கள் இருக்கிறார்கள்.

ஆன்லைனில் பழக்கமான ஒருவர் முதலீடு சொல்லிக் கொடுத்தார். உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்சில்தான் என் பெயரில் கணக்குத் தொடங்க வைத்தார், அதனால் நம்பினேன். வாங்கிய காயினை அவர் சொன்ன டிரேடிங் தளத்துக்கு மூன்று தடவை அனுப்பினேன். லாபம் நன்றாகக் காட்டுகிறது. இப்போது எடுக்கப் போனால், லாபத்தில் 20 சதவீதம் வரி கட்டினால்தான் வெளியே விடுவோம் என்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா, தயவுசெய்து கட்டாதீர்கள். நகையைத் தொடாதீர்கள். திரையில் தெரியும் லாபம் அவர்கள் தட்டச்சு செய்த எண், அந்தத் தளத்துக்குள் உங்கள் காயின் இல்லை, அனுப்பிய சில நிமிடங்களிலேயே வேறு வாலட்டுக்குப் போயிருக்கும். வரியை எந்த அரசும் ஒரு டிரேடிங் தளத்தின் வாலட்டுக்குக் காயினாக அனுப்பச் சொல்லாது, நிஜமாகவே வரி இருந்தால் உங்களுக்குச் சேர வேண்டிய தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், அல்லது நீங்களே அரசுக்கு நேரடியாகக் கட்டுவீர்கள். இந்த 20 சதவீதத்தைக் கட்டினால் அடுத்து சரிபார்ப்புக் கட்டணம், அதற்கடுத்து தாமத அபராதம் என்று வந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. உரிமம் உள்ள இடத்தில் உங்களை வாங்க வைத்தது அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான். எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு நீங்கள் "அனுப்பு" என்று அழுத்தும் நொடி வரைக்கும்தான், அதற்குப் பிறகு காயின் போகும் இடத்துக்கு அந்த உரிமத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வங்கிப் பரிமாற்றம் மாதிரி அதைத் திரும்ப இழுக்கவும் முடியாது.

ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதற்கு நேரம்தான் முக்கியம். யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி இரண்டையும் வெளியிடும் நிறுவனங்களால் ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் காயினை முடக்க முடியும், காவல்துறை கேட்டு அப்படி முடக்கியும் இருக்கிறார்கள். காயின் இன்னும் அங்கே அசையாமல் இருந்தால்தான் பயன். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் காயினை வெளியே அனுப்பிய வரலாற்றைத் திறந்தால் மூன்று பரிவர்த்தனைக்கும் நீளமான ஹாஷ் எண், அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண், இருக்கும், போன முகவரியும் தேதியும் நேரமும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள், எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கும் அதே விவரத்தை அனுப்புங்கள், அந்த முகவரியை அவர்கள் குறித்து வைப்பார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இனி யாராவது தொடர்பு கொண்டால் அதுவும் பெரும்பாலும் அதே கூட்டம்தான், பேச வேண்டாம்.

வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள், புகார் கொடுக்கப் போகும்போது கூட ஒருவர் இருக்கட்டும். அந்த ஆளிடம் சண்டை போட வேண்டாம், பதிலே சொல்ல வேண்டாம், அவரோடு பேசிய உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.