எட்டரை மணி மருந்து பத்து இருபதுக்கு ஏன் இல்லை?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 61. மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, மறுபரிசோதனைக்காகப் பெங்களூருவில் பெட் ஸ்கேன் (ஊசியில் போட்ட கதிரியக்க மருந்து உடம்பில் எங்கே சேர்கிறது என்று படம் பிடிப்பது) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலை எட்டரைக்கு நேரம். இருட்டோடு கார் பிடித்துக் கிளம்பியும், ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, போய்ச் சேரும்போது பத்து இருபது. "உங்க டோஸ் போயிடுச்சு, வியாழக்கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் கேட்கிறார்: "அந்த மருந்தை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருந்து போடக் கூடாதா? ஃபுளோரின் கலந்த மருந்து என்கிறார்களே, எங்கள் ஊர்த் தண்ணீரில் இருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கிறதே, அதுதானா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் என் மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. இதையெல்லாம் தர்மபுரியிலேயே செய்ய முடியாதா?"

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கவுன்ட்டரில் இருந்தவர் சாக்குச் சொல்லவில்லை. இந்த மருந்து தயாராகும் கூடத்தில் பல வருடம் இராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், டோஸ் நிஜமாகவே போய்விட்டது. அடுத்த ஆளுக்குப் போட்டிருப்பார்கள். போடாமல் உங்களுக்காகவே வைத்திருந்தாலும் அதில் பாதி காணாமல் போயிருக்கும்.

உங்கள் அம்மாவுக்குப் போட இருந்த மருந்தின் பெயர் எஃப்டிஜி. ஒரு சர்க்கரை மூலக்கூறின் ஓரத்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒன்றை ஒட்டிவைத்தது. அந்த அணுவின் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 110 நிமிடம். எட்டரைக்கு 10 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால், பத்து இருபதுக்கு 5. பன்னிரண்டு பத்துக்கு இரண்டரை. நீங்கள் தாமதமானது சரியாக ஓர் அரை ஆயுள்.

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை நேரம் ஆக ஆக இறங்குவது உங்களுக்குத் தெரியும். தக்காளியையாவது குளிர்பதனக் கிடங்கில் வைத்து இரண்டு நாள் தள்ளலாம். இது அப்படிக் கெட்டுப்போகிற சமாச்சாரம் இல்லை. அணுவின் கருவுக்குள்ளேயே நடக்கிற மாற்றம். ஃபிரிட்ஜில் வைத்தாலும் அடுப்பில் வைத்தாலும் அதே 110 நிமிடம்தான். மருந்து குறைந்தால் படம் புள்ளிபுள்ளியாக வரும். அதைச் சரிக்கட்ட ஆளை மேசையில் கூடுதல் நேரம் படுக்க வைக்க வேண்டும். அப்புறம் பின்னால் காத்திருப்பவர்களின் மருந்தும் கரைந்துகொண்டே போகும். ஒரு தாமதம் அன்றைய வரிசை முழுவதையும் இழுத்துவிடும்.

சரி, இவ்வளவு அவசரக்காரப் பொருளை எப்படிச் செய்கிறார்கள்? நீங்கள் பாலக்கோட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மணிக்கு வேலை தொடங்கியிருக்கும். மூலப்பொருள் தண்ணீர், ஆனால் சாதாரணத் தண்ணீர் இல்லை. இயற்கையில் 500 ஆக்ஸிஜன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் ஆக்ஸிஜன்-18 என்ற கனமான வகை. அதை மட்டும் பிரித்துச் சேர்த்து, 95 சதவீதத்துக்கும் மேல் அந்த வகையே இருக்கும்படி செய்த தண்ணீர். விலை அதிகம் என்பதால் துளியும் சிந்தவிட மாட்டோம். அதில் ஒரு சில மில்லி, அதாவது டீஸ்பூன் அளவுகூட இல்லை, சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தின் டார்கெட் எனப்படும் சின்னக் கலத்தில் ஏறும்.

சைக்ளோட்ரான் என்பது பிரம்மாண்டமான காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கானவற்றிலேயே இருபது டன்னுக்கு மேல் எடையுள்ளவை உண்டு. உள்ளே புரோட்டான்கள் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளு வாங்கி, ஒளியின் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு வரை எட்டி, அந்தத் தண்ணீரில் மோதும். ஆக்ஸிஜன்-18 ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு ஒரு நியூட்ரானைத் துப்பும். அது இப்போது ஃபுளோரின்-18. இப்படி ஒன்று, இரண்டு மணி நேரம் பீம், அதாவது புரோட்டான் கற்றை, ஓடும். நாங்கள் தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் டீயோடு உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தியாவில் மருத்துவத்துக்கென்றே முதல் சைக்ளோட்ரான் 2002இல்தான் மும்பையில் வந்தது. அதற்கு முன்னால் நம் ஊரில் இந்த மருந்துக்கு வழியே இல்லை.

பீம் முடிந்ததும் மெல்லிய குழாய் வழியாக அந்தத் தண்ணீர் ஹாட் செல் எனப்படும் ஈயப் பெட்டிக்குள் போகும். யாரும் கையால் தொடுவதில்லை, எல்லாம் கணினி திறந்து மூடும் வால்வுகள். பிசின் நிரப்பிய சின்ன வடிகட்டி ஃபுளோரினை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும். ஃபுளோரின் தண்ணீருக்குள் இருக்கும்வரை எதனோடும் சேராமல் சோம்பிக் கிடக்கும். அதனால் கிரிப்டோஃபிக்ஸ் என்ற துணைப்பொருளோடு சேர்த்து, ஈரம் போக நன்றாகக் காயவைக்க வேண்டும். என் அனுபவத்தில் பாதிச் சொதப்பல் இந்தக் காயவைக்கிற இடத்தில்தான். நன்றாகக் காய்ந்ததா, சர்க்கரையின் மூலப்பொருளைச் சேர்த்துச் சூடேற்றினால் ஃபுளோரின் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்திகரித்து குப்பியில் இறங்க மொத்தம் அரை மணி நேரம்.

அதோடு அனுப்பிவிட முடியாது. ஊசியில் போகிற மருந்தாயிற்றே. அமில காரத் தன்மை பார்க்க வேண்டும், சர்க்கரையோடு ஒட்டாத ஃபுளோரின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், கிரிப்டோஃபிக்ஸ் மிச்சம் இருக்கிறதா, பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை ஆயுளையே அளப்போம். 105க்கும் 115 நிமிடத்துக்கும் நடுவில் வந்தால்தான் உள்ளே இருப்பது ஃபுளோரின்-18 என்று நம்பலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிருமி வளர்கிறதா என்ற சோதனைக்கு 14 நாள் ஆகும். முடிவு வரும்போது மருந்து கரைந்து, நோயாளி ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதனால் நுண்வடிகட்டி கிழியாமல் இருந்ததா என்பதை அப்போதே சோதித்து, அதை நம்பித்தான் அனுப்புகிறோம்.

ஒரு தடவை நான் வேலை பார்த்த இடத்தில் அதிகாலை நாலே முக்காலுக்கு பேட்ச் ஃபெயில். ஒட்டாத ஃபுளோரின் அளவுக்கு மேல் இருந்தது. மொத்தத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டோம். அன்றைய முதல் நோயாளி ஏற்கெனவே பஸ் ஏறி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடி தயாரித்து அனுப்பியபோது மணி பதினொன்று. அவர் சாயங்காலம் வரை பட்டினி. அன்றிலிருந்து தூரத்தில் இருந்து வருகிற யாருக்கும் நான் சொல்வது: முதல் நாள் மாலையும், கிளம்புவதற்கு முன்பும், வழியில் ஓசூரிலும் ஒரு போன் போடுங்கள். "இன்னைக்கு மருந்து வந்துடுச்சா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தாமதம் உங்கள் பக்கம் என்றாலும் அத்திப்பள்ளியில் நிற்கும்போதே சொல்லிவிட்டால், வரிசையை மாற்றி உங்களைக் கடைசியில் சேர்க்க வழியிருக்கலாம். பத்து இருபதுக்கு நேரில் போய் நின்றால் வழியில்லை.

தண்ணீர் ஃபுளோரைடு விஷயத்துக்கு வருகிறேன். வேதியியல்படி இரண்டும் ஒரே தனிமம்தான், பயந்ததில் தப்பில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தானே. ஆனால் அளவைப் பாருங்கள். 10 மில்லிகியூரியில் உள்ள ஃபுளோரின்-18 அணுக்களின் மொத்த எடை ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்தாலே அதைப்போல இருபது லட்சம் மடங்கு உள்ளே போகிறது. அந்த ஃபுளோரின்-18ம் நிலைக்காது. பாசிட்ரானை (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) உமிழ்ந்துவிட்டுத் திரும்ப ஆக்ஸிஜன்-18 ஆகிவிடும். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்கிறது, மிஞ்சுவது வெறும் சர்க்கரை. எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த விஷயம் இது.

அந்தப் பாசிட்ரான் பக்கத்திலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும்போது நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் கிளம்பும். ஆளைச் சுற்றியிருக்கும் ஸ்கேன் இயந்திரத்தின் வளையம் இரண்டையும் ஒரே சமயத்தில் பிடித்து, எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடும். புற்றுச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை அள்ளித் தின்னும். எஃப்டிஜியையும் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் ஃபுளோரின் குறுக்கே நிற்பதால் செரிக்க முடியாமல் உள்ளேயே தேங்கிவிடும். தேங்கிய இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மூளையும் சிறுநீர்ப்பையும் யாருக்கும் பளிச்சென்றுதான் இருக்கும், படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இந்தத் தேங்கல்தான் உங்கள் அம்மாவின் பத்தியத்துக்கும் காரணம். இரத்தத்தில் சாப்பாட்டுச் சர்க்கரை நிறைய ஓடினால் எஃப்டிஜி போட்டியில் தோற்கும். ஊசிக்கு முன் குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். இளநீர் கூடாது. "ராகி சர்க்கரைக்கு நல்லது" என்று விடிகாலையில் ஒரு கை களியோ கூழோ கொடுத்து அழைத்து வருபவர்கள் உண்டு. களியும் மாவுச்சத்துதான். முந்தின இரவு சோறு, களி, இட்லியைக் குறைத்து முட்டை, கீரை, கோழி என்று போவது நல்லது. சர்க்கரை பொதுவாக 200க்குள் இருக்க வேண்டும், சில மையங்களில் இன்னும் கறார். மெட்ஃபார்மின் மாத்திரை குடலில் எஃப்டிஜியை அதிகமாகச் சேர வைக்கும் என்பதால் சிலர் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சர்க்கரை எகிறிப்போனால் அன்றும் ஸ்கேன் நடக்காது. சர்க்கரை டாக்டரையும் ஸ்கேன் மையத்தையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம், ஊசிக்குச் சற்று முன் போட்ட இன்சுலின் எஃப்டிஜியை எல்லாம் தசைக்குள் தள்ளிவிடும்.

முந்தின நாள் தக்காளி பறிக்க, பூ பறிக்க என்று தோட்டத்துக்குப் போக வேண்டாம், உழைத்த தசை சர்க்கரையை இழுக்கும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். பேச்சு வேண்டாம், வெற்றிலை பாக்கு மெல்லவே வேண்டாம், தாடைத் தசை படத்தில் ஒளிரும். ஸ்கேன் அறை ஏசி நடுக்கும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கக் கொழுப்பும் சர்க்கரை தின்று டாக்டரைக் குழப்பும்.

உங்கள் மனைவி அன்று கூட வர வேண்டாம். எட்டரைக்கு ஊசி போட்டு, நான்கு மணிக்கு வீடு சேர்ந்தால் நாலு அரை ஆயுள் தாண்டியிருக்கும், பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவுதான் மிச்சம். சிறுநீரில் போனது தனி. மறுநாள் விடிவதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அன்று இரவு மட்டும் அம்மாவும் உங்கள் மனைவியும் வேறு வேறு அறையில் படுக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிடுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். அம்மா நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும், கழிப்பறையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள். அவர் சாப்பிட்ட தட்டு, உடுத்திய சேலை எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

தர்மபுரியிலேயே செய்ய முடியாதா என்றால், தூரம் தடையே இல்லை. பெங்களூருவில் தயாரித்த மருந்து வண்டியில் இரண்டரை மணி நேரம் வந்தால் நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். அதாவது இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் அனுப்பினால் போதும். ஊருக்கு ஊர் சைக்ளோட்ரான் தேவையில்லை. ஸ்கேன் இயந்திரம், அதற்கான டாக்டர்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, அப்புறம் வருகிற மருந்து வீணாகாத அளவுக்குத் தினமும் நோயாளிகள், இவைதான் வேண்டும். என் கருத்தில் நம் பக்கத்துக்கு இது எட்டாத விஷயம் இல்லை.

அம்மாவுக்குப் பிறகு எப்போதாவது எலும்பு ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். அதற்குப் பயன்படுவது டெக்னீசியம், அரை ஆயுள் 6 மணி நேரம். டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும் மாலிப்டினம் ஏற்றிய ஒரு சின்னக் குழாய் மருத்துவமனைக்கே வந்துவிடும். தினமும் உப்புத் தண்ணீர் விட்டு டெக்னீசியத்தை வடித்துக்கொள்வார்கள். அதை மாடு என்றும், வடிப்பதைக் கறப்பது என்றும் சொல்வது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். இரண்டு மணி நேரம் தாமதமானாலும் எண்பது சதவீதம் போல மிச்சம் இருக்கும்.

வியாழக்கிழமைக்குப் புதன் இரவே ஓசூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடுங்கள். பழைய ஸ்கேன் படங்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் கடைசி ஊசி போட்ட தேதியும் கையில் இருக்கட்டும், சாப்பாட்டை மட்டும் ஸ்கேன் முடிந்தபின் பிரிக்கிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள்.