கார்பன் பிடிக்கும் ஆலைகளிலிருந்து வெளியேறும் அமீன் காற்றைக் கெடுக்குமா? அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வியின் அடியில் "கார்பனைப் பிடிக்கப் போய், புற்றுநோய் தரும் பொருளை ஊர்மேல் தூவுகிறோமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். புகைபோக்கியிலிருந்து கிளம்புவது எங்கே போய் இறங்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஆலையில் நடப்பது எளிது. ஒரு கோபுரத்தில் புகை மேலே ஏற, அமீன் என்ற, நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மத்தின் கரைசல் கீழே வழியும். சுமார் 40 டிகிரியில் அமீன் கார்பன் டை ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் 120 டிகிரி வரை சூடாக்கினால் விட்டுவிடும். 1930-லேயே காப்புரிமை வாங்கப்பட்ட பழைய முறை இது. எல்லோருக்கும் தெரிந்த கரைப்பான், தண்ணீரில் 30 சதவீதம் கலந்த மோனோஎத்தனாலமீன். சுருக்கமாக எம்இஏ.

சுத்தமான புகையோடு இந்த அமீனும் கொஞ்சம் தப்பிப் போகும். ஆவியாகப் போவதை உச்சியில் தண்ணீரால் கழுவிப் பிடித்துவிடலாம். தலைவலி தருவது பனிமூட்டம்தான். எரிபொருளில் கந்தகம் இருந்தால் புகையில் சல்பூரிக் அமிலத்தின் நுண்துளிகள் இருக்கும். அவற்றின் மேல் நீரும் அமீனும் படிந்து, ஒரு மைக்ரான் அளவுக்கு வளரும். அந்த அளவு ரொம்பப் பொல்லாதது. வாயுவைப் போலப் பரவிப் போய்த் தண்ணீரில் கரையாது, பெரிய துளியைப் போல எதிலும் மோதி நிற்கவும் செய்யாது. கழுவும் பகுதியை அப்படியே தாண்டிவிடும்.

சரி, வெளியே வந்தாயிற்று. அந்த அளவில் அமீனை விட, அது காற்றில் என்னவாக மாறுகிறது என்பதுதான் கவலை: நைட்ரோசமீன், நைட்ரமீன். நீங்கள் கேட்ட புற்றுநோய் பயம் இவற்றால்தான். ஆயிரம் எம்இஏ மூலக்கூறுகளின் பின்னாலேயே நடந்து பார்க்கலாம். காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடிக்கிறது, பகல் நேரம். 10 கிலோமீட்டர் போக அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். சூரிய ஒளியால் உண்டாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் (எதையும் உடனே தாக்கும் OH துணுக்கு), ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஏறக்குறைய 150 மூலக்கூறுகளைத் தாக்கியிருக்கும். பெரும்பாலும் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைத்தான் பிடுங்கும். நைட்ரமீனுக்கு வழி திறப்பது நைட்ரஜனில் இருப்பதைப் பிடுங்குவது, அது 8 சதவீத அளவுதான். ஆக 12. இந்தப் பன்னிரண்டுக்கும் போட்டி: ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் நைட்ரஜன் டை ஆக்சைடு. பின்னது பிடித்தால்தான் நைட்ரமீன். மூலக்கூறுக்கு மூலக்கூறு பார்த்தால் ஆக்சிஜன் சுமார் 25 லட்சம் மடங்கு மந்தம். ஆனால் காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு. நைட்ரஜன் டை ஆக்சைடோ 10 பிபிபி (நூறு கோடியில் பத்து பங்கு) இருந்தாலும் பத்துக்கோடியில் ஒன்றுதான். பெருக்கிப் பார்த்தால் எட்டுக்கு ஒன்று என்று ஆக்சிஜன் ஜெயிக்கிறது. ஆயிரத்தில் நைட்ரமீன் ஆவது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை.

இதில் ஒரு குட்டு. அந்த 25 லட்சம், டைமெத்திலமீன் என்ற வேறொரு அமீனுக்கு அளந்த எண். அதை எம்இஏ-வுக்கும் கடன் வாங்கிப் போடுவதுதான் வழக்கம்.

என் முதல் வேலையில் இந்த வேதியியல் எதையும் சேர்க்கவில்லை. புகைபோக்கி வாயிலேயே அமீன் முழுக்க நைட்ரோசமீன் ஆகிவிட்டது என்று வைத்துக் கணினி மாடலை ஓட்டினேன். மோசமான நிலைமைக்குக் கணக்குப் போட்டால் பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது. வந்த எண்ணைப் பார்த்து ஆலைத் தரப்பில் ஒருவர் இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். அப்புறம் வினைகளைச் சேர்த்து ஓட்டியபோது எண் நூற்றுக்கணக்கான மடங்கு இறங்கியது. அதைவிட முக்கியம், உச்சப் புள்ளி இடம் மாறியது. முதல் வரைபடத்தில் ஆலையை ஒட்டியே சிவப்பாக இருந்த இடம், இரண்டாவதில் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. வினை நடக்க நேரம் வேண்டுமல்லவா? பாதுகாப்புக்கு என்று நான் போட்ட கணக்கை நம்பியிருந்தால் கண்காணிப்புக் கருவியைத் தப்பான இடத்தில் வைத்திருப்பார்கள்.

எண் சிறிதாக இருப்பதாலேயே சும்மா விடவும் முடியாது. நார்வேயின் பொதுச் சுகாதார நிறுவனம் 2011-ல் பரிந்துரைத்த அளவு, நைட்ரோசமீனும் நைட்ரமீனும் சேர்த்துக் கன மீட்டருக்கு 0.3 நானோகிராம். குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம். அடுத்த ஆண்டு அங்கே திறந்த மொங்ஸ்டாட் கார்பன் பிடிப்புச் சோதனை மையத்துக்கு முன்னால் எழுந்த பெரிய கேள்வியே இதுதான். குடிநீருக்கு அளவு வைத்ததற்குக் காரணம் உண்டு. நைட்ரமீன் வெயிலில் எளிதில் உடையாது. மழையோடு ஏரியில் இறங்கிச் சேரும்.

நைட்ரோசமீன் அப்படியல்ல, உச்சி வெயிலில் சில நிமிடங்களில் உடைந்துவிடும். எம்இஏ போன்ற முதனிலை அமீனில் (நைட்ரஜனில் ஒரே ஒரு கார்பன் தொகுதி உள்ளது) அது நிலைப்பதும் இல்லை. ஆனால் பைப்பரசின் போன்ற, நைட்ரஜனில் இரண்டு கார்பன் பிணைப்பு உள்ள இரண்டாம்நிலை அமீன் கலந்திருந்தால் கதையே வேறு. காற்றில் வேகமாக வினைபுரியும், நிலையான நைட்ரோசமீனைத் தரும். போதாததற்கு, கரைசலுக்குள்ளேயே புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்து நைட்ரோசமீன் உருவாகி, அதுவே பனிமூட்டத்தில் ஏறி வெளியே வரலாம். இரவில் வந்தால் உடைக்க வெயிலும் கிடையாது.

அதனால் உங்கள் பகுதி ஆலையின் ஆய்வறிக்கை கைக்குக் கிடைத்தால், வண்ண வரைபடத்தை விட்டுவிட்டு, புகைபோக்கியில் என்னென்ன வெளியேறுகிறது என்ற அட்டவணைக்குப் போங்கள். காற்று, வெப்பம், மலை மேடு எல்லாம் ஏடிஎம்எஸ் போன்ற, புகை பரவுவதைக் கணக்கிடும் கணினி மாடல்கள் பல காலமாகச் செய்து பழகியவை. ஏடிஎம்எஸ்-ல் அமீன் வினைகளுக்கென்றே தனிப் பகுதியும் உண்டு. தடுமாற்றம் உள்ளே போடும் எண்களில்தான். கரைப்பான் கலவையை நிறுவனங்கள் வணிக ரகசியம் என்று மூடி வைக்கும்போது, "அமீன் 1" "அமீன் 2" என்று பெயர் போட்டு அனுப்புவார்கள். எந்த அமீன் என்று தெரியாமல் மேலே சொன்ன 8 சதவீதத்துக்கு நான் என்ன போடுவது?

ஒன்று விட்டுப்போனது: அம்மோனியா. எம்இஏ ஆக்சிஜனால் சிதையும்போது நிறைய உண்டாவது அதுதான். அது நைட்ரிக், சல்பூரிக் அமிலங்களோடு சேர்ந்து பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட) நுண்துகளாக மாறும். நைட்ரோசமீன் பயத்தில் இதை யாரும் கேட்பதில்லை. இந்தத் துகள் உருவாக பல மணி நேரமும் நூறு கிலோமீட்டருக்கு மேலும் ஆகலாம். ஆலையைச் சுற்றி மட்டும் பார்க்கும், ஏடிஎம்எஸ் வகையான காஸியன் மாடல் அதற்குப் பற்றாது, சிஎம்ஏக்யூ மாதிரி வட்டாரம் முழுவதையும் கட்டம் கட்டிப் பார்க்கும் மாடல் வேண்டும்.