கை வேலையோடு பெர்மாகல்ச்சர் படிப்பு: கேள்வி பதில்

கேள்வி: தையல் வேலை செய்கிறேன் அக்கா. கைதான் ஓயாது, காது சும்மா இருக்கிறது. இலவசப் பாடங்களில் எதிலிருந்து தொடங்கட்டும்?

பெர்மாகல்ச்சர் என்றால் இயற்கையின் போக்கைக் கவனித்து, வீட்டையும் தோட்டத்தையும் நீண்ட நாள் நிலைக்கும்படி வடிவமைக்கும் கலை. அதற்கு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ மில்லிசன் நடத்தும் இலவச அறிமுகப் பாடம் முதலில். அடுத்து, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில் ஹூக்கர் எடுத்த வகுப்புகள் காணொளிகளாகவே கிடைக்கின்றன.

எல்லாவற்றையும் காதாலேயே முடித்துவிட முடியாது. பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970களில் ஆஸ்திரேலியாவில் பெர்மாகல்ச்சருக்கு வடிவம் கொடுத்த வரலாறு, மூன்று அறங்கள் (மண்ணைக் காப்பது, மனிதரைக் காப்பது, மிகுதியைப் பகிர்வது), ஹோம்கிரனின் 12 கோட்பாடுகள், இதெல்லாம் தைத்துக்கொண்டே கேட்கலாம். எவ்வளவு அடிக்கடி போகிறோம் என்பதை வைத்து நிலத்தைப் பிரிக்கும் மண்டலப் பிரிப்பும் அப்படித்தான்: தினமும் கால் படும் இடம் வீட்டை ஒட்டி, கை வைக்காமல் விடும் காடு கடைசியில், ஐந்தாம் மண்டலமாக. சம உயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு), வரைபடம், நீர்க் கணக்கு வந்தால் ஊசியைக் கீழே வையுங்கள். மெஷின் ஓடும்போது இயர்போன் வேண்டாம்.

கேள்வி: இலவசப் பாடத்துக்குச் சான்றிதழ் உண்டா?

பெர்மாகல்ச்சர் வடிவமைப்புச் சான்றிதழுக்கான வழக்கமான பாடம் 72 மணி நேரம். அறிமுகப் பாடம் அதற்கு ஈடாகாது.

கேள்வி: வேலை செய்துகொண்டே கேட்பது படிப்பே அல்ல. மனது இரண்டு பக்கம் இழுபட்டால் அரைகுறை அறிவுதான் மிஞ்சும். ஏன் ஊக்குவிக்கிறீர்கள்?

எந்த வேலை என்று பாருங்கள். பயறு உரிப்பது, துணி மடிப்பது, விதை புடைப்பது போன்றவை பழகிய கைக்குத் தானாக நடக்கும். அப்போது மனது பாடத்தோடு போகும். ரசீது எழுதிக்கொண்டே கேட்டால் இரண்டும் கெடும்.

கேள்வி (அவரே): கேட்டது நின்றதா என்று எப்படித் தெரியும்?

பாடம் முடிந்ததும் குறிப்பைப் பார்க்காமல் மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் மறுபடி கேளுங்கள். இலவசப் பாடத்தில் அதற்குத் தடையில்லை.

கேள்வி (அவரே): அப்படியும் கேட்டறிவுதானே? மேசையில் உட்கார்ந்து படிப்பவன் மேல்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் என்று மேசையில் எழுதிவிடலாம். அந்தத் தண்ணீர் தன் மனையில் எந்த மூலைக்கு ஓடுகிறது என்று மழையில் இறங்கிப் பார்க்காதவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? கூரையில் விழுவதில் ஒரு பங்கு தெறித்தும் ஆவியாகியும் போகும் என்பதையும் அங்கேதான் காண்பான். இந்தக் கலையில் முதல் பாடமே கவனித்தல். களையெடுக்கும் கை மண்ணின் ஈரத்தையும் மண்புழுவையும் தொட்டபடியே கேட்கிறது. அதை அரைகுறை என்று தள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதில் ஒன்று மட்டும் சரி: வரைந்து பார்க்காமல் வடிவமைக்க முடியாது. அதனால்தான் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னேன்.

கேள்வி: காணொளி பார்த்துவிட்டுச் சரிவில் சம உயர வாய்க்கால் வெட்டப் போகிறேன். ஆழம் எவ்வளவு?

வெட்டாதீர்கள். செங்குத்தான சரிவில் தேங்கும் நீர் மண்ணையே சரித்துவிடும். முதலில் மழையில் நீரோட்டத்தைப் பாருங்கள். ஆங்கில ‘A’ எழுத்துப் போலக் குச்சிகளைக் கட்டி, நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட்ட ஏ வடிவச் சட்டத்தால் மட்டம் குறியுங்கள். மிகுநீர் வழிந்தோட இடம் முடிவாகாமல் மண்வெட்டியைத் தொட வேண்டாம். செங்குத்தாக இருந்தால் மரமும் மூடாக்கும் போதும்.

கேள்வி: சான்றிதழ் இல்லாமல் படித்து என்ன லாபம்?

மேலே சொல்லிவிட்டேன். சான்றிதழ் பற்றி இனி பதிலில்லை.

கேள்வி: என் செடியில் இலை சுருள்கிறது. என்ன பூச்சி?

பார்க்காமல் சொல்ல மாட்டேன். இலையோடு வேளாண் அலுவலரிடம் போங்கள்.

கேள்வி: ஆங்கிலம் வேகமாகப் போகிறது. கையும் வேலையில் இருக்கும்போது பிடிபடவில்லை.

வேகத்தை முக்கால் பங்காக்குங்கள். முதல் தடவை கை வேலை இல்லாமல், திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியோடு பாருங்கள். இரண்டாம் தடவை வேலையோடு கேளுங்கள், அப்போது சொற்கள் பழகியிருக்கும். அரிவாளோ கத்தியோ கையில் இருந்தால் இரண்டாம் தடவையும் வேண்டாம்.