நூறைத் தாண்டும் கணக்கு

அன்புள்ள ஐயா,

ஒரே அளவுள்ள கோளங்களை எப்படி அடுக்கினாலும் இடத்தில் சுமார் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று கூழ்மங்கள் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஆனால் பாலிமர் ஜெல் துகள்கள் 120 சதவீத இடத்தை நிரப்புவதாக ஒரு வரைபடத்தில் பார்த்தேன். அச்சுப்பிழையா?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

அச்சுப்பிழை இல்லை, கணக்கு வைக்கும் முறை அப்படி. துகள்கள் ஒன்றையொன்று தொடாத நீர்த்த நிலையில் ஒரு துகளின் பருமனை அளந்துகொள்கிறார்கள். பிறகு ஒரு லிட்டரில் எத்தனை துகள்கள் இருக்கின்றனவோ அதனால் பெருக்கிவிடுகிறார்கள். நெரிசலில் துகள் சுருங்கிப்போனாலும் ஏட்டில் இருப்பது பழைய பருமன்தான். எண் 100-ஐத் தாண்டாமல் என்ன செய்யும்?

74 என்பது விறைப்பான கோளங்களுக்கான எல்லை. ஜெல் துகள் அந்த வகை இல்லை. அது பாலிமர் இழைகள் அங்கங்கே பிணைந்த ஒரு வலை, உள்ளே பெரும்பாலும் தண்ணீர். நடுவில் பின்னல் நெருக்கம், விளிம்பில் தளர்வு. நெருக்கினால் விளிம்பு இழைகள் பக்கத்துத் துகளுக்குள் கொஞ்சம் நுழையும், தொடும் இடங்கள் தட்டையாகும், தண்ணீரை வெளியே விட்டுத் துகளே சுருங்கவும் செய்யும். இதில் எது முந்தும் என்பது பிணைப்பின் இறுக்கத்தையும் துகளின் மின்னூட்டத்தையும் பொறுத்தது.

எனக்குப் பிடித்தது அந்தச் சுருங்கல்தான். சிறிய விறைப்பான கோளங்கள் ஒழுங்காகப் படிகமாகும்போது நடுவில் பெரிய கோளம் ஒன்று மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் அடுக்கு கெட்டுவிடும். ஜெல் துகள்களில் நடப்பதே வேறு. பெரியது தானாகவே சிறியவற்றின் அளவுக்குச் சுருங்கி, வரிசையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது! பக்கத்துத் துகள்கள் நெருக்கித் தள்ளுவதால்தான் இப்படி என்று தோன்றும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. துகளின் விளிம்பில் மின்னூட்டம் இருக்கிறது, அதன் ஈர்ப்பில் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் துகளை ஒட்டியே மேகம்போலச் சுற்றுகின்றன. அடர்த்தி கூடியதும் பக்கத்து மேகங்கள் ஒன்றோடொன்று கலந்து, அயனிகள் வெளித் திரவத்தில் எங்கும் திரிய ஆரம்பிக்கின்றன. வெளியே சவ்வூடுபரவல் அழுத்தம், அதாவது கரைந்த அயனிகள் தண்ணீரைத் தம் பக்கம் இழுக்கும் போக்கு, ஏற, துகளுக்குள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் விறைப்பு இல்லாத, பெரிய, மென்மையான துகள்தான் முதலில் சுருங்கும்.

இதற்கும் வரம்பு உண்டு. பெரிய துகள்களின் பங்கு கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் இப்படிச் சுருங்கி இடம் பிடிப்பது நின்றுவிடும்.

அப்புறம், அந்த வரைபடத்தில் பருமனை எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்று பாருங்கள். அதிகம் ஆராயப்படும் பாலி என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமரின் ஜெல் துகள்கள் தண்ணீரில் ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சட்டென்று சுருங்கிவிடும். ஒரு துகளைக்கூடச் சேர்க்காமலும் எடுக்காமலும், அதே குப்பிக்கு 120 என்றும் எழுதலாம், அதைவிட மிகக் குறைவாகவும் எழுதலாம்.