வெப்பமண்டலத் தோட்டத்து ஒயினில் காடி வாடை ஏன்?

கேள்வி: வெப்பமண்டலப் பகுதியில் சிறிய திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பழத்தின் சர்க்கரை அளவு 24 பிரிக்ஸ் தொட்டபிறகே பறித்து வெள்ளை ஒயின் செய்தேன். குடித்தால் சப்பென்று இருக்கிறது. மூன்றே மாதத்தில் நிறம் மங்கி, காடி வாடையும் அடிக்கிறது. ஈஸ்ட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: ஈஸ்ட் இருக்கட்டும், பறிக்கும் நாளை மாற்றுங்கள்.

பழுக்கும் திராட்சை தனக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலத்தையே சுவாசத்துக்கு எரிக்கும். வெயில் ஏற ஏற அது வேகமாகும்; இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் இடைவெளியே கிடைக்காது. இனிப்புக்காக நீங்கள் காத்திருந்த நாட்களில் புளிப்பு கரைந்து பிஎச் ஏறியிருக்கும் என்பதே என் கணிப்பு. பிஎச் 3.2 உள்ள வெள்ளை ஒயினைக் கிருமிகளிடமிருந்து காக்க லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் கட்டற்ற (ஒயினில் வேறெதனோடும் சேராமல் இருக்கும்) சல்பர் டை ஆக்சைடு போதும். 3.8 ஆகிவிட்டால் அதே காவலுக்கு 80 மில்லிகிராம் வேண்டும். வழக்கமான அளவு போட்டும் ஒயின் கெடுவது இதனால்தான்.

அடுத்த அறுவடையில் பிரிக்ஸ் மானியோடு பிஎச் மீட்டரும் கையில் இருக்கட்டும். பிஎச் 3.3 அளவில் வந்ததும், வாயில் பச்சைவாடை இல்லையென்றால், 20 பிரிக்ஸ் ஆனாலும் தயங்காமல் பறியுங்கள். அதிலேயே ஏறக்குறைய 11 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். விடியுமுன் பறித்து, பழச்சூடு ஏறுமுன் பிழியுங்கள். நொதிப்பு 18 டிகிரியைத் தாண்டக் கூடாது. குளிர் அறை இல்லையென்றால் பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கி வையுங்கள். புளிப்பு அப்போதும் குறைந்தால், நொதிக்குமுன் டார்டாரிக் அமிலம் சேர்க்கலாம். லிட்டருக்கு 1 கிராம் போட்டால் பிஎச் சுமார் 0.1 இறங்கும். சாற்றுக்குச் சாறு இது மாறும், ஆகவே முதலில் ஒரு லிட்டரில் சோதியுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை கவாத்தில், அதாவது கொடியை வெட்டிவிடுவதில், இருக்கிறது. குளிர்காலத் தூக்கம் இல்லாத கொடிக்கு நாள் குறிப்பது கத்தரிதான். நாசிக்கில் ஏப்ரலில் ஒருமுறை, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மறுமுறை வெட்டி, மழையில்லாத ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். உங்கள் ஊரின் வறண்ட, குளிர்ந்த மாதங்களைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கவாத்து நாளை வையுங்கள்.

காடிக் கிருமிக்குக் காற்று வேண்டும். நொதிப்பு அடங்கியதும் கலனை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். இப்போது கெட்ட ஒயினை மீட்க முடியாது. முழுக்கக் காடியாகவே புளிக்க விடுங்கள், ஆனால் ஒயின் வைக்கும் அறைக்கு வெளியே.